டைமிங் திருப்பினால் புகை அடங்குமா?

என் பழைய டொயோட்டாவில் 4ஏ-ஜிஇ எஞ்சின், கேம் மாற்றியிருக்கிறேன். வாரன்ட் (வாகனத் தகுதிச் சான்று) சோதனைக்குப் போகுமுன் இக்னிஷன் டைமிங்கை நாலு டிகிரி ரிட்டார்ட் செய்யச் சொல்கிறார் நண்பர். செய்யலாமா? (பென்ரோஸ்)

நண்பர் கலிபோர்னியாவிலிருந்து பேசுகிறாரா? அங்கே பழைய கார்களின் புகைக்குழாயில் கருவியைச் செருகி ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடு என்று எண் எண்ணாகப் பார்ப்பார்கள். நியூசிலாந்து வாரன்டில் அந்த எண்களே கிடையாது. 2006 முதல் இருப்பது கண்ணால் பார்க்கும் சோதனை. சூடான எஞ்சினின் சுற்றை ஏற்றி, பின்னால் புகை தெரிகிறதா என்று பார்ப்பார்கள். தெரிந்தால் தோல்வி. அந்த நாலு டிகிரிக்கு இங்கே மார்க் இல்லை.

நீலப் புகை வருகிறதே? (அதே வாசகர்)

முதலிலேயே சொல்லியிருக்கலாமே! நீலம் என்றால் ஆயில் எரிகிறது. வால்வு சீலோ பிஸ்டன் ரிங்கோ தேய்ந்திருக்கும். டிஸ்ட்ரிபியூட்டரை எந்தப் பக்கம் திருப்பினாலும் ரிங் வளராது. கறுப்பென்றால் பெட்ரோல் அதிகம். வெள்ளை, குளிர்காலக் காலையில் வெறும் நீராவி. எஞ்சின் சூடான பிறகும் விடவில்லை என்றால் கூலன்ட்.

ரிட்டார்ட் செய்தால் மாசு குறையும் என்பது கட்டுக்கதையா? (எல்லர்ஸ்லி)

இல்லை, பாதி நிஜம். ஸ்பார்க் தாமதமாக விழுந்தால் எரிதலும் தாமதமாகி, எக்ஸாஸ்ட் வாயு அதிகச் சூட்டோடு வெளியேறும். மிச்சமிருக்கும் ஹைட்ரோகார்பன் போகிற வழியிலேயே எரிந்துபோகும். கேட்டலிடிக் கன்வர்ட்டரும் சீக்கிரம் சூடேறும். சிலிண்டருக்குள் உச்ச வெப்பம் குறைவதால் நைட்ரஜன் ஆக்சைடும் இறங்கும். 1970-களில் கார் கம்பெனிகளே இதைச் செய்துதான் அமெரிக்கச் சட்டத்தைச் சமாளித்தன. மாடு மாதிரி நகர்ந்து, யானை மாதிரி குடித்த கார்கள் அவை. ஆனால் கார்பன் மோனாக்சைடு டைமிங்குக்குப் பெரிதாக மசியாது. அதைத் தீர்மானிப்பது காற்றும் பெட்ரோலும் கலக்கும் விகிதம்.

அப்படியானால் 4ஏ-ஜிஇ-க்குச் சரியான டைமிங் எவ்வளவு? (மவுண்ட் ராஸ்கில்)

கம்பெனி செட்டிங், பிஸ்டனின் உச்சப் புள்ளிக்கு 10 டிகிரி முன்னால். எஞ்சினைச் சூடாக்கி, ஐடிலில் விட்டு, டயக்னாஸ்டிக் பெட்டியில் டிஇ1, இ1 முனைகளை ஒரு வயரால் இணைத்த பிறகே டைமிங் லைட்டை அடியுங்கள். இணைக்காவிட்டால் கம்ப்யூட்டர் தானே அட்வான்ஸை ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கும். நீங்கள் அதன் விளையாட்டை அளந்துகொண்டிருப்பீர்கள். முடிந்ததும் வயரைக் கழற்ற மறக்க வேண்டாம். கேம் மாற்றியவர்களுக்கு ஒன்று: ஐடிலில் எஞ்சின் குலுங்குவது கேமின் குணம். அதற்காக டைமிங்கைத் தண்டிக்காதீர்கள்.

எங்கள் ஊரில் கருவி வைத்துத்தான் பார்க்கிறார்கள். என் பத்மினி கார் சி.ஓ.-வில் (கார்பன் மோனாக்சைடு) தோற்கிறது. (அம்பத்தூர்)

இந்தியாவில் அந்தக் காலத்துப் பெட்ரோல் காருக்கு ஐடிலில் 3 சதவீதம் வரை அனுமதி. அதையும் தாண்டுகிறதென்றால் ஏர் ஃபில்டரைப் பாருங்கள், கார்புரேட்டர் மிக்ஸ்சர் ஸ்க்ரூவைப் பாருங்கள். ஒரேயடியாக இறுக்கினால் மிஸ்ஃபயர் ஆகி, சி.ஓ. பாஸாகும், ஹைட்ரோகார்பன் ஃபெயிலாகும்.

டர்போ இல்லாத எஞ்சினில் டர்போ பூட்டியிருக்கிறேன். டைமிங் கச்சிதம். வாரன்ட் கிடைக்குமா? (ஒனிஹங்கா)

மாற்றியமைத்த காருக்கான லோ வால்யூம் சான்றிதழ்த் தகடு வாங்கினீர்களா? அது இல்லையென்றால் புகை வரைக்கும் பேச்சே போகாது. இன்னொன்று: டர்போவுக்கு டைமிங்கைப் பின்தள்ளுவது நாக்கிங்கைத் தடுக்க. 91 பெட்ரோலை ஊற்றிக்கொண்டு 98-க்கான அட்வான்ஸ் வைத்தால், பிஸ்டன் சொல்லும் பதில் என் பதிலைவிடச் செலவு.

சோதனை அன்று மட்டும் ஒழுங்காக வைத்துவிட்டு, மறுநாள் பழையபடி மாற்றிக்கொண்டால்? (பெயர் வேண்டாம், பென்ரோஸ்)

சாலையில் தொடர்ந்து 10 விநாடி புகை விட்டாலே இங்கே குற்றம். கிரேட் சவுத் ரோடு சிக்னலில் உங்கள் பின்னால் நிற்கும் போலீஸ்காரருக்குப் பத்து வரை எண்ணத் தெரியும்.