ஏழு மணி

ஏர் பிஸ்டல் பழகுகிறேன் என்று சொன்னதும் சொந்தக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, "லைசென்ஸ் வாங்கியாச்சா?" தேவையில்லை. 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் 4.5 மி.மீ. குழல் விட்டமும் கொண்ட காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டாம். பத்து மீட்டர் போட்டிக்கான பிஸ்டல் அதில் மூன்றில் ஒரு பங்கு ஆற்றலோடு நின்றுவிடும். இரண்டாவது கேள்வி, "சுட்டா எங்க படும்?" அதற்கும் என்னிடம் துல்லியமான பதில் உண்டு. ஏழு மணியில் படும்.

இலக்குத் தாளைக் கடிகாரமாக நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் 11.5 மி.மீ. அகலத்தில் பத்து மதிப்பெண் வட்டம். அதைச் சுற்றி ஒன்பது, எட்டு, ஏழு. இந்த நான்கும் சேர்ந்த கறுப்பு, 59.5 மி.மீ. வலக்கைக்காரன் விசையை அமுக்காமல் வெடுக்கென்று பிடுங்கினால், மணிக்கட்டு மடங்கிக் குண்டு கீழே இடப்பக்கமாக இறங்கும். ரேஞ்சில் கூட்டிப் பெருக்கும் அம்மாவுக்குக்கூட இது தெரியும் என்று நினைக்கிறேன். என் தாளை எடுத்துக் குப்பைக்கூடையில் போடும்போது அவர் முகத்தில் ஓர் இரக்கம் வரும்.

பயிற்சியாளர் முதல் வாரமே சொல்லிவிட்டார். "விரல் மட்டும் நகரட்டும் சார், மத்ததெல்லாம் தூங்கட்டும். வீட்ல வெள்ளைச் சுவரைப் பாத்து தினம் அரை மணி நேரம் டிரை பண்ணுங்க." டிரை என்றால் குண்டும் காற்றும் இல்லாமல் வெறும் விசையை அமுக்கிப் பழகுவது. செலவு, பூஜ்யம். அதனால்தானோ என்னவோ, எனக்கு அந்த வைத்தியத்தில் நம்பிக்கை பிறக்கவில்லை. ஐம்பதை நெருங்குகிற ஆள், கையில் கொஞ்சம் காசும் இருக்கிறது, சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பதா? என் பிஸ்டலில்தான் ஏதோ குறை இருக்க வேண்டும்.

முதல் குற்றவாளி, கைப்பிடி. போட்டிப் பிஸ்டலின் வால்நட் மரப்பிடி உள்ளங்கையின் மேடுபள்ளங்களுக்கு ஏற்பச் செதுக்கப்பட்டிருக்கும். கையின் விளிம்பைத் தாங்க அடியில் ஒரு தட்டு. அளவு எடுக்க, கையைத் தாளில் வைத்துப் பென்சிலால் வரைந்து அனுப்பச் சொன்னார்கள். எனக்கிருந்த பெருமிதத்தில் விரல்களை விரித்து, கொஞ்சம் தாராளமாகவே வரைந்துவிட்டேன். வந்த பிடிக்குள் என் கையோடு இன்னொருவர் கையும் தங்கலாம்.

இதற்கொரு நாட்டு வைத்தியம் உண்டு. பிளம்பர்கள் கசிவை அடைக்கும் எபாக்சி புட்டியைப் பிசைந்து பிடியில் அப்பி, உள்ளங்கையால் அழுத்தி அச்சு எடுக்க வேண்டும். காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். நல்ல சுடுநர்கள் பலருடைய பிடியில் இந்தச் சாம்பல் நிற ஒட்டு இருக்கும். கையில் முதலில் எண்ணெய் தடவிக்கொள்ள வேண்டும் என்ற சின்ன விஷயத்தைத்தான் நான் தவறவிட்டேன். பிடி கையை விடவில்லை. அந்த நேரம் பார்த்துக் கூரியர் பையன் மணி அடித்தான். "ஓடிபி சொல்லுங்க சார்." போன் வலப்பக்கப் பையில். என் வலக்கை நுனியில் ஒரு கிலுகிலுப்பை மாதிரி மரக்கட்டை தொங்கியது. பையன் ஓர் அடி பின்னால் போனான். மனைவி வந்து பையிலிருந்து போனை எடுத்து எண்ணைச் சொல்லி அனுப்பிவிட்டு, தேங்காய் எண்ணெயும் கரண்டிக் காம்புமாக உட்கார்ந்தாள். "பார்சல்ல என்னங்க?" என்றாள். அடுத்த குற்றவாளிக்கான மாற்று.

அதாவது, முன் சைட், குறிபார்க்கக் குழல் நுனியில் நிற்கும் முள். இதில் கொஞ்சம் கணக்கு இருக்கிறது. கை மொத்தமாக ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால், குண்டும் இலக்கில் ஒரு மில்லிமீட்டர்தான் நகரும். அது ஒன்றுமே இல்லை. ஆனால் முன் சைட்டும் பின் சைட்டும் தமக்குள் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் கதையே வேறு. இரண்டுக்கும் இடையில் சுமார் 320 மி.மீ. தூரம், இலக்கோ 10,000 மி.மீ. தள்ளி. பிசகு முப்பது மடங்குக்கு மேல் பெருகிப் பத்து ஏழாகிவிடும். கை ஆடுவதைப் பற்றிக் கவலைப்படாதே, சைட்டைப் பார் என்று ஆளாளுக்குச் சொல்வது இதனால்தான்.

இதைப் படித்துப் புரிந்துகொண்ட நான் எடுத்த முடிவு, ஆக அகலமான முன் சைட்டை வாங்குவது. பின் சைட்டின் வெட்டுக்குள் அது நின்றால் இருபுறமும் மயிரிழை வெளிச்சம்தான் தெரியும். அசையவே இடமில்லை, எனவே பிசகவும் இடமில்லை என்பது என் தர்க்கம். நடந்தது நேர்மாறு. இடைவெளி குறைந்தால் அற்ப அசைவும் பூதாகரமாகத் தெரியும். கண் பதறும், கை அதைச் சரிசெய்யப் போகும். எல்லாம் ஒரு கணம் நேர்கோட்டில் வந்ததும், விட்டால் போச்சு என்று விரல் பாயும். ஏழு மணி. பின் சைட்டின் திருகைத் திருப்பி, படும் இடத்தையே மேலே வலப்பக்கமாக நகர்த்திவைக்கும் யோசனையும் எனக்கு வந்தது. அது பலித்தும்விட்டது. தவறாகச் சுட்டால் பத்து. எப்போதாவது ஒழுங்காகச் சுட்டுத் தொலைத்தால் ஒரு மணியில் ஏழு. பயிற்சியாளர் அதைப் பார்த்த பார்வையை இங்கே விவரிக்க விருப்பமில்லை.

குழலுக்கு எடைக்கட்டி வாங்கினேன், தோள்பட்டை வலித்தது. பெல்லட்டில் 4.49, 4.50, 4.51 என்று தலை அளவு வாரியாக டப்பா டப்பாவாக வாங்கினேன். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தைத் தேடியவனின் கை, எலுமிச்சம்பழ அகலத்துக்கு ஆடிக்கொண்டிருந்தது.

கண்ணாடி விஷயத்தில் மட்டும் எனக்குக் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. வயதானால் கிட்டத்தில் இருப்பது மங்கும். முன் சைட் இரண்டாகத் தெரியும். அன்றாடம் போடும் புரோகிரஸிவ் கண்ணாடியில் சைட்டைத் தெளிவாகப் பார்க்க மோவாயைத் தூக்க வேண்டும், கழுத்து ஒரு பக்கம் போகும். கண்ணாடிக் கடையில் போய் உட்கார்ந்தேன். "தூரப் பார்வைக்கா, படிக்கவா சார்?" ரெண்டும் இல்லை, கை நீட்டினால் வரும் தூரத்துக்கு அப்பால் ஒரு ஜாண் தள்ளி, என்றேன். "அங்க என்ன சார் பாப்பீங்க?" சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். ஒருவழியாகத் தூரப்பார்வை எண்ணோடு 0.75 கூட்டி ஒற்றை லென்ஸ் வெட்டிக் கொடுத்தார். இலக்கு மங்கி, சைட் கூர்மையாகத் தெரிந்தது. அப்படித்தான் தெரிய வேண்டும். நான் வாங்கியவற்றில் உருப்படி இது ஒன்றுதான். ஏழு மணியை இப்போது மிகத் தெளிவாகப் பார்த்துக்கொண்டே சுட்டேன்.

அடுத்தது கால். பழைய சாமான் விற்கும் ஒருவரிடம் தட்டையான அடிப்பாகமும் கணுக்காலுக்கு மேல் ஏறும் கழுத்துமாக ஒரு ஜோடி ஷூ கிடைத்தது. போட்டதும் சிமெண்டில் நட்டதுபோல் நிற்க முடிந்தது. ஒரு மாதம் கழித்துத்தான் விதிப்புத்தகம் படித்தேன். அது ரைஃபிள்காரர்களின் ஷூ. பிஸ்டலுக்குக் கணுக்கால் எலும்பை மூடாத தாழ்ந்த ஷூதான் அனுமதி.

2024-இல் பாரீஸ் ஒலிம்பிக் வந்தது. துருக்கியின் யூசுஃப் டிகேச் வெறும் டி-ஷர்ட்டும் சாதாரணக் கண்ணாடியுமாக, இடக்கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு கலப்பு இரட்டையரில் வெள்ளி வாங்கினார். அந்தப் படத்தை என் மச்சினன் எனக்கு அனுப்பி, கீழே ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தான். பையில் கைவிடுவது அலட்சியம் இல்லை, பிஸ்டல் சுடுகிற முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் நிற்பார்கள், அவர் 2008 பெய்ஜிங்கிலிருந்து ஒலிம்பிக்கில் சுடுகிறவர் என்றெல்லாம் நீளமாகப் பதில் எழுதினேன். எழுதி முடித்துவிட்டு, பை ஆழமாக இருக்கும் பேண்ட் ஒன்றும் வெள்ளை டி-ஷர்ட்டும் ஆர்டர் செய்தேன்.

கடைசியில் விசைக்கு வந்தேன். போட்டி விதிப்படி ஏர் பிஸ்டலின் விசை குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும். என் விரல் வெடுக்கென்று இழுப்பதற்குக் காரணம் விசை கனமாக இருப்பதுதான் என்று முடிவுகட்டி, மெல்லிய அலன் சாவியால் திருகித் திருகி அதை இளக்கினேன். மூச்சு விட்டாலே சுடும் போலிருந்தது. அந்த நிலையில் ஓர் உள்ளூர்ப் போட்டிக்குப் போனேன். அங்கே கருவிச் சோதனை என்று ஒரு மேசை. பிஸ்டலைச் செங்குத்தாக நிறுத்தி, விசையில் 500 கிராம் எடையை மாட்டித் தூக்குவார்கள். மேசையில் இருந்த அம்மா தூக்கினார். கிளிக். "இறுக்கிட்டு வாங்க சார், மறுபடி பாக்கலாம்." முதல் கட்டத்துக்கு ஒரு திருகு, இரண்டாம் கட்டத்துக்கு ஒன்று, விசை போய் நிற்கும் இடத்துக்கு ஒன்று. எதை எவ்வளவு திருப்பினேன் என்று எனக்கு நினைவில்லை. பதற்றத்தில் எதையோ திருகினேன். இப்போது ஒரு கிலோ மாட்டினாலும் விசை அசையவில்லை.

கிளப்பின் பொதுப் பிஸ்டலைக் கடன் வாங்கினேன். பலர் கைபட்டு வழவழவென்று தேய்ந்த பிடி, எந்தக் கைக்கும் பொருந்தாத நடுத்தர அளவு. எழுபத்தைந்து நிமிடத்தில் அறுபது குண்டு. கேவலமாகச் சுட்டாலாவது என் சாமான்களின் அருமை தெரிந்திருக்கும். நன்றாகச் சுட்டாலாவது அவற்றின் மீது பழிபோட்டு விற்றிருக்கலாம். வழக்கமாக என்ன எடுப்பேனோ, ஏறக்குறைய அதையே எடுத்தேன். திரையில் புள்ளிகள் கூட்டமாக, ஒழுக்கமாக, ஏழு மணியில் உட்கார்ந்திருந்தன.

அதற்குப் பிறகு சுவரைப் பார்த்து நிற்கிறேன். அரை மணி நேரம் என்பதைப் பத்து நிமிடமாகச் சுருக்கிக்கொண்டிருக்கிறேன். சுவரில் முகம் பார்த்துக்கொண்டு நிற்பவனை மனைவி ஒன்றும் கேட்பதில்லை. கூரியர் வராததே அவளுக்குப் போதும்.

சாமான்களை ஒவ்வொன்றாகத் தள்ளிவிடுகிறேன். போன வாரம் ரைஃபிள் பழக வந்திருக்கும் ஒரு கல்லூரிப் பையன் அந்த ஷூவைக் கேட்டு வீட்டுக்கே வந்தான். போட்டு நடந்து பார்த்தான். "அண்ணே, இது போட்டா ஸ்கோர் ஏறுமா?"

"ஏறும் தம்பி, ஏன் ஏறாது?" என்றேன். "ஆனா வெறும் ஷூ மட்டும் போதாது. அதுக்குத் தோதா விறைப்பான பேண்ட் ஒண்ணு வரும். எங்கிட்ட இல்ல, விக்கிற ஆள் நம்பர் தரேன், எழுதிக்கோ."