தரைபாலகர்

டொரொண்டோ பக்கம், ஸ்காபரோவிலோ மார்க்கத்திலோ வீடு வாங்கிய நம்மவர்களில் இப்படி ஓர் இனம் உண்டு. அப்பார்ட்மென்டில் வாடகைக்கு இருந்தவரை இவர் எல்லோரையும்போலத்தான் இருந்தார். சொந்த வீட்டில் கார்ப்பெட்டை உரித்தெடுத்து ஓக் பலகை பதித்த அன்றுதான் ஆள் மாறிப்போனார். அதன் பிறகு எந்த விருந்தாளியின் முகத்தையும் அவர் முதலில் பார்த்ததில்லை. பார்வை நேரே காலுக்குப் போகும்.

"வாங்கோ, வாங்கோ" என்று தொடங்கியவர் பாதியில் "நில்லுங்கோ!" என்பார். வாசலில் சப்பாத்துக் கழற்றுவது கனடாவில் எல்லா வீட்டு வழக்கமும்தான். இவர் அதோடு விடுவதில்லை. பனிக்காலத்தில் தெருவுக்குத் தூவும் உப்பு காற்சட்டை விளிம்பில் ஒட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். கைப்பையை நிலத்தில் வைக்க விடமாட்டார். அடியில் இரும்புக் குமிழ் இருக்குமாம். குதியுயர்ந்த சப்பாத்தோடு வந்த மணப்பெண்ணையே வாசலில் மறித்தவர் என்று ஒரு கதை உலவுகிறது. கேட்டால் மறுக்கவும் மாட்டார்.

சாப்பாட்டு மேசையில் "இன்னும் கொஞ்சம் போடட்டோ?" என்று யாரும் கேட்கமாட்டார்கள். "கதிரையைத் தூக்குங்கோ, இழுக்காதேங்கோ" என்பதுதான் அங்கே உபசாரம். கதிரைக் கால்களுக்கெல்லாம் கம்பளித் துண்டு ஒட்டியிருக்கும். அதில் மணல் ஏறியதா என்று புரட்டிப் பார்ப்பது அவருடைய சனிக்கிழமை வேலை.

"ஊரிலை எங்கட கதவெல்லாம் தேக்கு" என்று யாராவது தப்பித்தவறிச் சொல்லிவிட்டால் வகுப்புத் தொடங்கிவிடும். ஜங்கா என்றொரு அளவை இருக்கிறது. சிறிய உருக்குக் குண்டொன்றைப் பலகைக்குள் பாதி புதைக்க எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்ற கணக்கு அது. சிவப்பு ஓக் 1290, கனடிய மேப்பிள் 1450. தேக்கோ ஆயிரத்துச் சொச்சம்தான். "தேக்கின்ரை கெட்டித்தனம் கறையானோடை. கதிரைக் காலோடை இல்லை" என்று தீர்ப்பளிப்பார். கூடைப்பந்து ஆடும் அரங்குகளுக்கு மேப்பிள்தான் போடுகிறார்கள் என்ற தகவலும் கூடவே வரும். "அப்ப நீங்கள் ஏன் மேப்பிள் போடேல்லை?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அன்றைக்குத் தேத்தண்ணி வராது.

வீட்டுக்குள் அவருக்கு உண்மையான எதிர்க்கட்சி அம்மா. யாழ்ப்பாணத்தில் சீமெந்து நிலத்துக்கு வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி வாழ்ந்த கை அது. "வெள்ளிக்கிழமையும் அதுவுமா நிலம் கழுவாமல் விளக்குக் கொளுத்துறதோ தம்பி?" என்று வாரம் தவறாமல் கேட்பார். இவர் மைக்ரோபைபர் துணியைப் பிழிந்து, மறுபடி பிழிந்து, ஈரம் இருக்கிறதா என்ற சந்தேகம் வந்த பிறகே தரையில் வைப்பார். "நனைக்கிறதில்லை அம்மா, தண்ணியைக் காட்டுறது மட்டும்தான்." அம்மாவுக்கு அந்த வீடு இன்றுவரை தீட்டுக் கழியாத வீடு. பொங்கலன்று பால் பொங்கும் நேரத்தில் எல்லோரும் "பொங்கலோ பொங்கல்" என்றால், "பொங்கட்டும், தட்டுக்குள்ளை பொங்கட்டும்" என்று இவர் குரல் மட்டும் தனியாகக் கேட்கும். குத்துவிளக்கின் கீழே தட்டு, தட்டின் கீழே துணி. ரப்பர் விரிப்புக்கு அனுமதி இல்லை. அது மேல்பூச்சைக் கறையாக்கிவிடும்.

ஜனவரியில் ஹீட்டர் ஓடி ஓடிக் காற்று வறண்டுபோக, பலகைகள் சுருங்கி நடுவில் கீறல்போல் இடைவெளி விடும். இவருக்கு அப்போது நித்திரை இல்லை. காய்ச்சல்காரப் பிள்ளையின் தலைமாட்டில் இருப்பவரைப்போல ஈரப்பதமானியின் பக்கத்திலேயே இருப்பார். முள் 30க்கும் 50க்கும் நடுவில் நிற்க வேண்டும். இறங்கினால் ஈரமூட்டும் இயந்திரம் உடனே புகை விடத் தொடங்கும். தன் உதடு வெடித்து இரத்தம் கசிவது அவருக்குத் தெரியாது. வருகிறவர்களுக்கு அந்த இடைவெளியில் பத்துச் சத நாணயத்தைச் செருகிக் காட்டுவார். கோடையில் பலகை ஈரத்தை இழுத்து உப்பித் தானாகவே மூடிக்கொள்ளும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் கவலைப்படுவார்.

இத்தனை பாடுபட்டுக் காக்கும் தரையில் நடப்பது யார் என்று பார்த்தால், ஒருவரும் இல்லை. குடும்பம் முழுக்க அடித்தளத்தில், வினைல் விரித்த அறையில் இருக்கிறது. அங்கேதான் டிவி, அங்கேதான் சாப்பாடு, பிள்ளைகள் பந்தடிப்பதும் அங்கேதான். மேல்தளம் விருந்தாளிக்கு. விருந்தாளியோ வாசலில் நிற்கிறார்.

அவரைப் பார்த்துச் சிரிக்கலாம், ஆனால் பராமரிப்பு விஷயத்தில் அவரை மடக்க முடியாது. தேங்கிய தண்ணீர் பொருத்துகளுக்குள் இறங்கினால் பலகையின் ஓரம் தூக்கும். நீராவித் துடைப்பான் அந்த ஈரத்தைச் சூட்டோடு உள்ளே தள்ளும். யூடியூப் அக்காமார் பரிந்துரைக்கும் வினிகர் ஓர் அமிலம். நாளடைவில் பூச்சின் பளபளப்பைத் தின்றுவிடும். தரையைக் கெடுப்பதில் முதலிடம் காலில் வரும் மணலுக்குத்தான். தினமும் மென்மையான தும்புத்தடியால் கூட்டினாலே பாதிப் பராமரிப்பு முடிந்தது.

ஆகவே, அவர் வீட்டுக்கு அழைப்பு வந்தால் போய்வாருங்கள். ஓட்டையில்லாத காலுறையாகப் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். வினிகரைப் பற்றி வாயே திறக்காதீர்கள். அந்த வழக்கில் நீங்கள்தான் தோற்பீர்கள்.