சகலையும் பச்சை மையும்

போன ஞாயிற்றுக்கிழமை என் சகலை புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார். பதினோரு மாதம் கழித்தாவது வந்ததே என்று கும்பிட்டு வாங்கி அலமாரியில் வைத்திருந்தால் எனக்கு ரத்த அழுத்தம் ஏறியிருக்காது. பிரித்துப் பார்த்தேன்.

உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. தலையணை கனம். பிரவுன் அட்டை, அதற்கு மேல் பிளாஸ்டிக் அட்டை, கை கழுவிவிட்டுத்தான் தொடுவது என்று நான் வைத்திருந்த புத்தகம். இப்போது, மாரியம்மன் திருவிழாவில் மஞ்சள் தண்ணீரில் நனைந்து வீடு திரும்பியதுபோல் இருந்தது. முதல் பக்கத்திலிருந்து மஞ்சள். மஞ்சளுக்கு அடியில் சிவப்புக் கோடு. ஒவ்வொரு பத்திக்கும் பக்கத்தில் பச்சை மையில் ஒரு டிக். சகலை ஆடிட்டர். ஐயர் காட்டியிருக்கும் வாழ்க்கைக் கணக்கு சரிதான் என்று பத்திக்குப் பத்தி சான்று கொடுத்திருக்கிறார். 1942-இல் ஐயர் காலமானதால் பாதியில் நின்றுபோன நூல் அது. சகலை விடவில்லை, கடைசிப் பக்கத்தில் தேதி போட்டுக் கையெழுத்தும் வைத்து முடித்துவிட்டார்.

"என்ன சகல, இப்படிப் பண்ணிட்டீங்க?"

"ஆக்டிவ் ரீடிங், சகல. சும்மா கண்ணால மேஞ்சா மண்டையில நிக்காது" என்றார், மிக்சர் தட்டில் முந்திரியை மட்டும் பொறுக்கிக்கொண்டே.

அவர் மண்டையில் நிற்பதற்கு என் புத்தகம் ஏன் அடிபட வேண்டும்? அன்றைக்கே முடிவு செய்தேன். நினைவில் நிற்கும்படி படிப்பது எப்படி என்று முறையாக எழுதிவிடுவது. அமெரிக்காவின் ஒஹாயோவில் பிரான்சிஸ் ராபின்சன் என்ற உளவியல் பேராசிரியர் 1946-லேயே இதற்கு ஐந்து படிகள் வகுத்து வைத்தார். முதலில் புரட்டிப் பார், கேள்வி கேட்டுக்கொள், படி, மூடிவைத்துச் சொல்லிப் பார், பிறகு திரும்பிப் பார். ஐந்தின் பெயரிலும் மஞ்சள் இல்லை. ஒவ்வொரு படியாக விளக்கப் போகிறேன். அதற்கு முன் இந்தக் கோடு போடுகிறவர்களைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை.

இவர்களில் முதல் வகை ஸ்கேல்காரர்கள். ஒரு வரி பிடித்துவிட்டால் படிப்பதை நிறுத்திவிட்டு ஸ்கேலைத் தேடக் கிளம்புவார்கள். பிள்ளையின் ஜியோமெட்ரி பாக்ஸைக் குடைவார்கள். அதிலிருக்கும் உடைந்த காம்பஸுக்காகப் பிள்ளையைத் திட்டுவார்கள். போன பரீட்சை மார்க் ஞாபகம் வந்து அதற்கும் சேர்த்துத் திட்டுவார்கள். திரும்பி வரும்போது எந்த வரி என்பது மறந்திருக்கும். கையில் ஸ்கேல் இருக்கிறதே என்று ஏதோ ஒரு வரிக்குப் போடுவார்கள். ஒன்று சொல்ல வேண்டும், கோடு நேராக இருக்கும்.

இரண்டாம் வகை, பஸ்ஸில் படிப்பவர்கள். இவர்களுடைய ஒரு கோட்டில் கொல்லிமலைச் சாலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் எண்ணிவிடலாம். வேகத்தடை வந்த இடத்தில் கோடு எழுத்தின் மேலேயே ஏறிவிடும். பிறகு படிப்பவருக்கு அது முக்கியமான வரியா, அடித்துவிட்ட வரியா என்று தெரியாது.

மூன்றாம் வகை உற்சாகிகள். முன்னுரையில் ஒரு வரி விடாமல் கோடு. முதல் அத்தியாயத்தில் பாதிக்குக் கோடு. பக்கம் 31-இல் பாதி வாக்கியத்தோடு கோடு நின்றுபோகும். பழைய புத்தகக் கடையில் எந்தத் தன்னம்பிக்கைப் புத்தகத்தையாவது எடுத்துப் பாருங்கள். அந்த வாக்கியத்தின் நடுவில் அவருக்கு என்ன நடந்திருக்கும்? கல்யாணம் நிச்சயமாகியிருக்கலாம். கேஸ் சிலிண்டர் வந்திருக்கலாம். தன்னம்பிக்கை அத்தோடு சரி.

நான்காம் வகை, பென்சில்காரர்கள். "லேசாத்தான் போட்டிருக்கேன், அழிச்சுடலாம்" என்பார்கள். அழித்த ஒருவரையும் என் வாழ்நாளில் நான் பார்த்ததில்லை.

ஐந்தாம் வகை, விளிம்பில் எழுதுகிறவர்கள். 'உண்மை!' 'எங்கள் சித்தப்பாவும் இப்படித்தான்.' நூலகத்துத் துப்பறியும் நாவலின் மூன்றாம் பக்கத்திலேயே ஒரு பெயரை வட்டமிட்டு 'இவன்தான்' என்று எழுதிய மகானை நாற்பது ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்தால், அவன்தான்.

ஆறாம் வகை, மஞ்சள்காரர்கள். ஜெர்மனியில் 1971-இல் ஸ்டாபிலோ பாஸ் என்ற பட்டைப் பேனா வந்தது. முக்கியமான வரியைத் தனித்துக் காட்டத்தான் அந்த ஒளிரும் மை. பக்கம் முழுக்க அடித்தால் எது தனித்துத் தெரியும்? அடிபடாததுதான் தெரியும். சகலையின் கைவண்ணத்தில் அப்படித் தனித்துத் தெரிந்தது பக்க எண்.

இதைச் சொன்னால் சகலை ஆங்கிலக் கட்டுரையாளர் சார்லஸ் லாம்பைக் கூட்டிக்கொண்டு வருகிறார். லாம்ப் 1820-இல் எழுதிய கட்டுரையில், கவிஞர் கோல்ரிட்ஜுக்குப் புத்தகம் கடன் கொடுங்கள், குறிப்புகளோடு வட்டியும் முதலுமாகத் திரும்பி வரும் என்று சிபாரிசு செய்திருக்கிறார். வாஸ்தவம். கோல்ரிட்ஜ் எழுதியது குறிப்பு. டிக் அல்ல.

அறிவியல் என்ன சொல்கிறது என்றும் காட்டினேன். அமெரிக்க உளவியலாளர்கள் ஐந்து பேர் பத்துப் படிப்பு முறைகளை அலசி 2013-இல் வெளியிட்ட ஆய்வு. கோடு போடுவதும் மறுபடி மறுபடி படிப்பதும் அதிகம் பயன் தராதவை என்று கீழ்த்தட்டில் இருக்கின்றன. தன்னைத் தானே கேள்வி கேட்டுப் பார்ப்பதும், இடைவெளி விட்டுப் படிப்பதும் மேல்தட்டில். பிரின்ட் எடுத்துக் கையில் கொடுத்தேன். சகலை கண்ணாடியை மாட்டிக்கொண்டார், சட்டைப் பையிலிருந்து மஞ்சள் பேனாவை எடுத்தார், முக்கியமான வரிகளுக்கு அடித்துக்கொண்டே படித்தார்.

இதற்கு அமெரிக்கா வரை போயிருக்கவே வேண்டாம். நன்னூலில் பவணந்தி முனிவர் மாணாக்கரை எட்டாகப் பிரித்து வைத்திருக்கிறார். அன்னமும் பசுவும் தலை. மண்ணும் கிளியும் இடை. ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி கடை. நெய்யரி என்றால் பன்னாடை. நெய்யை ஒழுகவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே நம் ஊரில் ஒருவரைப் பன்னாடை என்றால் அது வசவு அல்ல, கல்வித்துறை மதிப்பீடு. எருமை, குளத்தைக் கலக்கிவிட்டுத்தான் தண்ணீர் குடிக்கும். என் புத்தகத்தைப் பார்த்ததும் எனக்கு அந்தக் குளம் ஞாபகம் வந்தது. மனைவியின் அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததால் இலக்கணம் பேசவில்லை. பசுதான் விஷயம். வயிறார மேய்ந்துவிட்டு ஓரிடத்தில் படுத்து அசைபோடும். ராபின்சனின் கடைசி இரண்டு படிகளும் அதுதான்.

படிகளுக்கு வருகிறேன். அதற்குள் சாப்பாட்டு இலை போட்டுவிட்டார்கள்.

சாம்பார் சாதத்தில் சகலை ஆரம்பித்தார். "1880-ல கும்பகோணம். சேலம் இராமசுவாமி முதலியார் முன்சீப்பா வந்திருக்கார். ஐயர் பார்க்கப் போறார். என்னென்ன படிச்சிருக்கீங்கன்னு முதலியார் கேக்க, இவர் அந்தாதி, உலா, கோவை, பிள்ளைத்தமிழ்னு அடுக்கறார். முதலியார் அசரலை. இதையெல்லாம் படிச்சு என்ன பிரயோசனம்னு கேட்டுட்டார்! சீவக சிந்தாமணி படிச்சிருக்கீங்களான்னு அடுத்த கேள்வி..."

என் மகன் கைபேசியைக் கவிழ்த்து வைத்தான். நான் எத்தனையோ வருடமாகக் கெஞ்சியும் கவிழாத கைபேசி.

மனைவி என் பக்கம் திரும்பினாள். "இந்தப் புக்கை நீங்களும் படிச்சீங்கதானே? இதெல்லாம் சொன்னதே இல்லியே?"

"படிச்சேன்."

"அப்புறம் சிந்தாமணி என்னாச்சு?"

"அச்சுப் போட்டார்."

"எப்போ?"

ரசத்தை ஊற்றிக்கொண்டேன். "1887" என்றார் சகலை, அப்பளத்தை நொறுக்கியபடி.

அந்த மஞ்சள்தான் அவருக்கு நினைவாற்றல் கொடுத்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். நன்னூலே கணக்குச் சொல்கிறது: ஆசிரியர் சொல்லக் கேட்டால் கால் பங்குதான் வரும். உடன் படிப்பவரோடு பழகிக் கால் பங்கு. மீதிப் பாதி, பிறருக்கு எடுத்துச் சொல்வதால் வரும். சகலை இந்த முதலியார் கதையைப் பதினோரு மாதமாக ஆபீசிலும் வாக்கிங்கிலும் முடிவெட்டும் கடையிலும் சொல்லியிருக்கிறார். போன ஆவணியில் ஒரு கல்யாணப் பந்தியில் சொன்னதை நானே பார்த்தேன். பாயசக்காரர் வாளியோடு நின்று கேட்டார். அத்தனை பேர் காது பட்ட பாடு, பெயர் மட்டும் மஞ்சள் பேனாவுக்கு. நானோ யாரையும் தொந்தரவு செய்யாத மனிதன். புத்தகம் புத்தம் புதிதாக இருந்தது. நானும் அப்படியே இருந்தேன். ஓட்டைக் குடத்துக்குப் பிளாஸ்டிக் அட்டை வேறு.

போகும்போது சகலை, ஐயர் எழுதிய மீனாட்சிசுந்தரம் பிள்ளை சரித்திரத்தின் இரண்டு பாகங்களையும் பையில் போட்டுக்கொண்டார். பையும் மஞ்சள்.

அவர் படி இறங்கியதும் அந்த முதலியார் பக்கத்தைத் தேடிப் பிடித்தேன். 'என்ன பிரயோசனம்' என்ற கேள்விக்கு நேரே, விளிம்பில், பச்சை மையில், ஆடிட்டர் கையெழுத்தில் ஒரு குறிப்பு: 'இதைச் சகலையிடம் கேட்க வேண்டும்.'

நான் பேனாவை எடுத்தேன். பென்சில் இல்லை, பேனா. அவர் குறிப்புக்குக் கீழே மூன்று வரி பதில் எழுதினேன். இடம் போதாமல் அடுத்த பக்கத்து விளிம்பிலும் தொடர்ந்தேன். என்ன எழுதினேன் என்பதைக் குடும்ப நலன் கருதி இங்கே சொல்வதற்கில்லை. ஒரு எழுத்துகூட மறக்கவில்லை.