இரண்டு மேப்பிள்களுக்கு நடுவே

1997 நவம்பரில் என் ஃபோர்மேன் என்னை முதன்முதலாகத் தன் காட்டுக்கு அழைத்துப் போனபோது, அவர் சட்டைப்பையில் ஒரு நூல்கண்டு இருந்தது. மிச்சிகனில் துப்பாக்கியால் மான் வேட்டையாடும் பருவம் நவம்பர் 15 அன்று தொடங்கும். எந்தக் கிழமையில் வந்தாலும் அதே தேதிதான். அன்றைக்கு எங்கள் கார் உதிரிபாக ஆலையில் பாதிப் பேர் விடுப்பில் போய்விடுவார்கள். எதற்காக இப்படிப் போகிறார்கள் என்று கேட்டேன். பதில் சொல்லாமல் கூட்டிக்கொண்டு போனார்.

மாநிலத்தின் வடக்கே அவருக்கு நாற்பது ஏக்கர் காடு. தேவதாரு அடர்ந்த சதுப்பிலிருந்து ஓக் மேட்டுக்கு ஒரு மான் தடம் ஏறுகிறது. வழியில் இரண்டு மேப்பிள் மரங்கள் நெருங்கி நிற்கும் இடத்தில், இடுப்புயரத்துக்குக் குறுக்கே நூலைக் கட்டினார். ரக்கூனும் நரியும் அடியில் புகுந்து போய்விடும். மான் வந்தால் நெஞ்சு பட்டு நூல் இழுபடும். நூலின் மறுமுனை சின்னக் கடிகாரப் பெட்டி ஒன்றில் இருந்தது. இழுபட்ட நொடியில் கடிகாரம் நின்றுவிடும். மறுநாள் போய்ப் பார்த்தோம்: காலை 6:40. கொம்பனா, பிணையா, எவ்வளவு பெரியது, ஒன்றும் தெரியாது. அந்த ஓர் எண்ணை வைத்துக்கொண்டு குளம்புத் தடத்தையும், கொம்பு உரசிப் பட்டை உரிந்த மரத்தையும், கால் கீறிய மண்ணையும் காட்டிக் காட்டி அரை நாள் பேசினார். திரும்பும்போது நான் கவனமில்லாமல் நூலை அறுத்துவிட்டேன். அவர் கோபப்படவில்லை. மறுபடி கட்டிவிட்டு, இங்கே குனிந்துதான் வரவேண்டும் என்றார்.

எனக்குக் காத்திருப்பது புதிதல்ல. நான் தாளவாடிக்காரன். ராகிக் கொல்லையில் அப்பாவோடு பரணில் படுத்துப் பன்றியையும் யானையையும் காவல் காத்தவன். அங்கே தகரத்தைத் தட்டிச் சத்தம் போட்டு விரட்ட வேண்டும். இங்கே பரணில் மூச்சுக்கூடக் கேட்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். இருட்டைக் காதால் பார்ப்பது இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

நூலிலிருந்து கேமராவுக்கு நான்தான் மாறினேன். முதலில் வாங்கியது பிலிம் கேமரா, நானூறு டாலருக்கு மேல். வெப்பமும் அசைவும் பட்டால் தானாகப் படம் எடுக்கும். முப்பத்தாறு படங்களையும் கழுவி வாங்கினால், இருபத்தொன்பதில் வெயிலில் ஆடும் பெரணி இலை. அப்புறம் டிஜிட்டல் வந்தது. பெட்டியின் மேல் பெரிதாக மெகாபிக்சல் கணக்கைப் போட்டிருந்த மலிவான ஒன்றை வாங்கினேன். அந்தப் பருவம் முழுக்க எனக்குக் கிடைத்தவை வெள்ளை வால்கள். மான் வந்து, கடந்து, போகும்போதுதான் அது விழித்துக்கொள்ளும்.

இத்தனை ஆண்டுகளில் பத்துப் பன்னிரண்டு கேமராக்களை மரத்தில் கட்டி அவிழ்த்தாயிற்று. புதிதாக வாங்குகிறவர்கள் கேட்டால் மெகாபிக்சலைப் பார்க்காதீர்கள் என்பதைத்தான் முதலில் சொல்வேன். அந்த எண் பெரும்பாலும் மென்பொருள் ஊதிப் பெரிதாக்கியது. உள்ளே இருக்கும் சென்சார் அதைவிடச் சிறியது. அசைவை உணர்ந்ததிலிருந்து படம் பதியும்வரை எவ்வளவு நேரம் என்று பாருங்கள். அரை நொடிக்கு மேல் போனால் மான் தடத்தில் வைக்க அது உதவாது. அடுத்து, ஒரு படத்துக்கும் மறு படத்துக்கும் இடையில் எவ்வளவு நேரம் ஓய்வெடுக்கிறது என்று பாருங்கள். பிணை முன்னால் போக, அதைத் தொடரும் கொம்பன் அந்த இடைவெளியில் கடந்துவிடும். இரவு வெளிச்சத்தில் 850 நானோமீட்டர் வகை மங்கிய சிவப்பாகத் தெரியும், ஆனால் தூரம் போகும். 940 வகை கண்ணுக்குத் தெரியாது, படம் கொஞ்சம் மங்கல். என் காட்டு மான்கள் சிவப்பைக் கண்டு மிரண்டதைவிட, என் வாடைக்கு மிரண்டதுதான் அதிகம்.

வாடைதான் பெரிய செலவு. படம் பதியும் நினைவக அட்டையை எடுக்க வாரம் ஒருமுறை போனால், வாரம் ஒருமுறை மானுக்கு நம் வருகையைச் சொல்லிவிட்டு வருகிறோம். ஆகவே மாதக்கணக்கில் பேட்டரி தாங்கும் கேமராதான் உண்மையில் மலிவானது. மிச்சிகன் குளிரில் சாதாரண ஆல்கலைன் சீக்கிரமே சோர்ந்துவிடும்; விலை கூடினாலும் லித்தியம் போடுங்கள். சூரியன் கண்ணில் அடிக்காமல் வடக்குப் பார்த்துக் கட்டுங்கள். தடத்துக்கு நேர் எதிரே வைக்காமல் சாய்வாக வைத்தால் மான் படச் சட்டத்துக்குள் கூடுதல் நேரம் இருக்கும். முன்னால் இருக்கும் புல்லைக் கிள்ளிவிடுங்கள்.

இதையெல்லாம் ஃபோர்மேன் கேட்டுக்கொள்வார், ஏற்கமாட்டார். இந்த மாநிலத்திலேயே நூலின் பெருமைக்குச் சான்று இருக்கிறது என்பார். ஜார்ஜ் ஷிராஸ் என்பவர் மேல் தீபகற்பத்து ஒயிட்ஃபிஷ் ஏரிக்கரையில் தடத்தின் குறுக்கே கயிறு கட்டி, மானே அதை இழுத்துத் தன்னைப் படம் எடுத்துக்கொள்ளும்படி செய்தவர். 1906 ஜூலை நேஷனல் ஜியாகிரஃபிக் இதழில் அவருடைய 74 படங்கள் வந்தன. வேட்டைக்காரராகத் தொடங்கியவர் அவர்.

செல்பேசிக்குப் படம் அனுப்பும் கேமராக்கள் வந்தபோது எங்கள் இருவருக்கும் ஒரே கருத்து: வேண்டாம். மாதம் பத்து டாலர் கட்டணம் என்றால் ஆண்டுக்கு 120. சில ஆண்டுகளில் கேமராவின் விலையையே தாண்டிவிடும். காசைவிட அவரை உறுத்தியது நியாயம். மான் இந்த நிமிடம் எங்கே நிற்கிறது என்று பையில் இருக்கும் பெட்டி சொல்லிவிட்டால், அது வேட்டையா? அரிசோனா 2022 முதல் வேட்டைக்கு, செல் வகை மட்டுமல்ல, மரத்தில் கட்டும் எல்லாக் கேமராக்களையுமே தடைசெய்துவிட்டது. 1887இல் தியோடர் ரூஸ்வெல்ட் தொடங்கிய பூன் அண்ட் கிராக்கெட் சங்கமும், உடனுக்குடன் வரும் படத்தைப் பார்த்து ஓடிப்போய்ச் சுடுவதை நேர்மையான வேட்டையாக ஏற்பதில்லை. அவர் சொன்னது சரி. இன்றும் அப்படியே நினைக்கிறேன்.

மூன்று வருடம் முன்பு அவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை நடந்தது, நடக்கிறார், வீட்டுக்குள். அந்த மேட்டை அவரால் இனி ஏற முடியாது. அவர் கேட்கவில்லை. நானாகத்தான் போய், எந்த நிறுவனத்தின் சிக்னல் அந்தச் சதுப்பில் எட்டுகிறது என்று இரண்டு போன்களோடு அலைந்து பார்த்து, அதற்கேற்ற செல் கேமரா ஒன்றை வாங்கி மேப்பிளில் கட்டினேன். வாங்கியதிலேயே அதிகம் செலவு வைப்பது இதுதான். இதைப்போல் கொடுத்த காசுக்கு மதிப்புள்ளது வேறில்லை.

ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். படங்கள் நாளுக்கு இரண்டு முறைதான் போகும், அவருடைய போனுக்கு மட்டும். பருவம் முடியும்வரை எதையும் எனக்குச் சொல்லமாட்டார். காலையில் காபியோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்க்கிறாராம். எந்தக் கொம்பன் எந்தக் காலை இழுத்து நடக்கிறது என்பதுவரை நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்.

போன நவம்பர் 15. விடிய இன்னும் நேரமிருக்கும்போதே என் போனை வண்டியில் வைத்துவிட்டு மேடேறினேன். அன்று ஒரு பிணை வந்தது, குட்டியோடு, சுடவில்லை. இருட்டியபின் வண்டிக்குத் திரும்பி அவரை அழைத்தேன். மான் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. காலை 5:50க்கு ஒரு படம் வந்திருக்கிறது என்றார். இரவுப் படம், கறுப்பு வெள்ளை. ஆரஞ்சுச் சட்டை அதில் வெளுத்துத் தெரிகிறது. இரண்டு மேப்பிள்களுக்கு நடுவே ஓர் ஆள், முதுகை வளைத்துக் குனிந்து போகிறான்.

"அங்கே நூலை எடுத்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது," என்றார். பிறகு கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.