ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய கோபம்

நகரத்து வீடுகள் சிலவற்றில் இப்போது ஃபிரிட்ஜ் கதவில் வரிசையாக முகங்கள். மஞ்சள் மகிழ்ச்சி, நீலம் துக்கம், சிவப்பு கோபம். பள்ளிவிட்டு வரும் பிள்ளை, பையை இறக்குமுன் தன் மனநிலைக்கான முகத்தைத் தொட்டுக் காட்ட வேண்டும். "இப்ப நீ எந்தக் கலர்ல இருக்கே, கண்ணா?" என்று கேட்கும் அம்மாவின் கலரை யாரும் விசாரிப்பதில்லை. வைஃபை போனால் அப்பாவுக்கு வரும் கருஞ்சிவப்பு, அட்டவணையிலேயே கிடையாது.

உணர்ச்சிகளைப் பழக இந்த முகங்கள் என்றால், பொறுமைக்குத் தனிப் பயிற்சி. 1970 வாக்கில் ஸ்டான்ஃபோர்டில் வால்டர் மிஷெல் குழந்தைகள் முன் இனிப்பை வைத்து, காத்திருந்தால் கூடுதலாகத் தருவதாகச் சொல்லிப் பார்த்தார். காத்திருந்தவர்கள் பிற்பாடு நன்றாகப் படித்தார்கள் என்றதும் பெற்றோர் உலகம் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. 2018இல் இன்னும் நிறைய குழந்தைகளின் தரவை ஆராய்ந்து, குடும்பப் பின்னணியையும் கணக்கில் எடுத்தபோது, அந்தத் தொடர்பு பெருமளவு சுருங்கிவிட்டது. இந்தச் செய்தி அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவுக்கு இன்னும் வந்து சேரவில்லை. அங்கே காஜு கத்லியை வைத்துச் சோதனை நடக்கிறது. பிள்ளை காத்திருக்கிறது, அப்பா தின்றுவிடுகிறார்.

இதற்கெல்லாம் பதில், பரணில் கிடக்கும் தாயக்கட்டையை இறக்கி விளையாடலாம். தாயம் விழாமல் காய் இறங்காது. வெட்டுப்பட்டால் மறுபடி முதலிலிருந்து. ஏமாற்றம், பொறாமை, பழிவாங்கல் எல்லாம் ஒரே பிற்பகலில் முடிந்துவிடும். எதிரே உட்கார்ந்து, கட்டையை விரலால் லேசாகப் புரட்டிவிட்டு "பன்னிரண்டு!" என்று சாதிக்கும் அப்பாயி, மனிதரை எடைபோடும் பாடத்தையும் சேர்த்தே நடத்திவிடுவார், கட்டணம் இல்லாமல்.