கவர்னர் பேரில் ஒரு ஹோட்டல்

கேள்வி: சென்னை கன்னிமாரா ஹோட்டலுக்கும் எங்க பக்கத்துக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?
- வாசகர், கம்பம்

பதில்: உண்டே! முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுவிக்குக்குப் பொங்கல் வைக்கிற ஊர்க்காரர் நீங்கள். அந்த அணை வேலை தொடங்கிய 1887-இல் சென்னை மாகாண கவர்னர் கன்னிமாரா பிரபுதான். இம்பீரியல், ஆல்பனி என்று பெயர் மாறி வந்த ஹோட்டல், 1890-இல் அவர் பெயரைச் சூட்டிக்கொண்டது. ஆர்ட் டெக்கோ முகப்பு 1930-களில் வந்தது. எனக்குப் பிடித்தது 1970-களில் இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா சேர்த்த பகுதி. நம் முற்றத்து வீடு மாதிரி, நீச்சல்குளத்தைப் பார்த்தபடி அறைகள். அவர் கைவண்ணத்தை மதுரை கிளப்பிலும் பார்க்கலாம், உங்களுக்குப் பஸ் செலவு மிச்சம். ஹோட்டல் வாடகை கையைக் கடிக்குமா? எழும்பூருக்கு நடையைக் கட்டுங்கள். அதே பிரபு 1890-இல் அடிக்கல் நாட்டிய கன்னிமாரா நூலகத்தில் நாள் முழுக்க உட்கார்ந்து படிக்கலாம்.