உப்பில் ஓடுது கரன்ட்

கே: கரன்ட் போனாலும் என் குழித்தறி ஓடும். இதயத்துக்கு எங்கிருந்து சப்ளை? (நெசவாளர், பிள்ளையார்பாளையம்)

ப: உங்கள் வீட்டுச் சாம்பாரிலிருந்து! கம்பியில் ஓடுவது எலக்ட்ரான். இதயச் செல்லில் ஓடுவது உப்புகளின் அயனி. சும்மா இருக்கும் கீழறைச் செல்லின் உட்புறம், வெளியைவிடச் சுமார் 90 மில்லிவோல்ட் தாழ்ந்திருக்கும். சோடியம் உள்ளே பாய்ந்ததும் ஓரிரு மில்லிசெகண்டில் அது பூஜ்யத்தைத் தாண்டி ஏறிவிடும். பிறகு கால்சியம் உள்ளே, பொட்டாசியம் வெளியே என்று கால் செகண்ட் அளவுக்கு இழுபறி. கடைசியில் ஜெயிப்பது பொட்டாசியம். செல் பழையபடி இறங்கும். இழுபறி நடக்கும்போது அடுத்த தூண்டல் வந்தாலும் செல் சட்டை செய்யாது. செய்தால், ரத்தம் நிரம்ப நேரமில்லாமல் இதயம் விறைத்துக்கொள்ளும்.

கே: தறியை நான் மிதிக்கிறேன். இதயத்தை மிதிப்பது மூளையா?

ப: இல்லை. வலது மேலறையில் இருக்கும் சைனஸ் முனை. அந்தச் செல்களுக்கு ஓய்வே கிடையாது. ஒரு துடிப்பு முடிந்ததுமே சோடியம் உள்ளே கசிந்து அடுத்ததைக் கிளப்பும். மூளை வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், அவ்வளவுதான் அதிகாரம். நரம்பு அறுபட்டு இன்னொருவர் மார்புக்குப் போன இதயமும் துடிக்கிறதே!

கே: கால்சியம் எலும்புக்குத்தானே? (செவிலிமேடு)

ப: இதயத்துக்கும்தான். லண்டனில் சிட்னி ரிங்கர் என்ற மருத்துவர் உப்புக் கரைசலில் தவளை இதயத்தைத் துடிக்கவிட்டு 1882இல் கட்டுரை எழுதினார். கரைசலைக் குழாய்த் தண்ணீரில் கலக்கியிருந்தது பிறகுதான் தெரிந்தது. காய்ச்சி வடித்த நீரில் கலக்கினால் இதயம் சுருங்க மறுத்தது! குழாய்த் தண்ணீரின் கால்சியம்தான் வேலை பார்த்திருக்கிறது என்று 1883இல் திருத்தி எழுதினார். சுத்தமான தண்ணீர் காலை வாரிய இடம் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

கே: கிட்னி கோளாறு உள்ள அப்பாவுக்கு இளநீர் கூடாதாம். இளநீர்கூடவா?

ப: டாக்டர் சொல்வது சரி. இளநீரில் பொட்டாசியம் அதிகம். கிட்னி வெளியேற்றாவிட்டால் ரத்தத்தில் சேரும். சேர்ந்தால் இதயச் செல் முழுதாக இறங்காது. இறங்காத செல்லில் சோடியத்தின் வாசல் மறுபடி திறக்கத் தயாராகாது. ஈசிஜியில் டி அலை கூராக நிமிரும், துடிப்பு மந்தமாகும், நின்றும் போகலாம். உங்கள் கிட்னி நன்றாக இருந்தால் அப்பா பங்கையும் நீங்களே குடியுங்கள்.

கே: சாமிக்குச் சாத்தும் அரளியை விஷம் என்கிறார்களே?

ப: சாத்தலாம், வாயில் வைக்கக் கூடாது. இதயச் செல்லில் சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் பம்பை அரளி நச்சு முடக்கிவிடும். 2024 மே மாதம் கேரளக் கோயில்களை நிர்வகிக்கும் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு நைவேத்தியத்திலிருந்து அரளியை விலக்கியது. நம்ம காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் இட்லியில் மிளகும் சுக்கும்தான், தைரியமாகச் சாப்பிடுங்கள்.